மூன்றாவது துளை

தமுக்கம் மைதானம் மட்டமில்லை.
கண்ணுக்குத் தெரியாது, குண்டுக்குத் தெரியும்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
ஆட்டப் பலகையின் குறுக்கே ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி வடக்கே ஒதுங்கியது.
மைதானம் மொத்தமும் சத்தமில்லாமல்
வைகைப் பக்கம் சரிகிறது என்று அர்த்தம்.
தெற்குக் கால்கள் இரண்டுக்கும்
நான்கு சுற்று மரை ஏற்றினேன்.

ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில்
எங்கள் தகரக் கொட்டகை.
தூத்துக்குடி ஏலத்தில் காஜா மைதீன் எடுத்த எந்திரம்.
முகப்பில் விண்வெளிக்காரி ஒருத்தி,
மூக்குவரை உரிந்துபோனவள்.
ஆடுகிறவர்களின் விரல் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும்
பொத்தான் வழியாக உள்ளே போய்
இடது றெக்கையைத் தூங்க வைத்துவிடும்.

தினம் காலை பத்துக்கு என் வேலை.
சுருளுக்குள் ஓடும் தண்டின் நுனி
காளானாக விரிந்திருக்கும், அரத்தால் ராவ வேண்டும்.
சைக்கிள் டியூப் வளையம் உதவாது,
செத்த ரப்பர், குண்டு துள்ளாது.
தண்ணி மோட்டார் கடையில் கிடைக்கிற வளையம்தான் துள்ளும்.
தொடுதகடுகளுக்கு இடையில்
யாருடையதோ கல்யாணப் பத்திரிகையைச் செருகி இழுப்பேன்.
மாப்பிள்ளை பெயர் மேல் ஒரு கரிக்கோடு விழும்.
அதற்குப் பிறகு ஆயிரம் புள்ளி சரியாக ஏறும்.

உள்ளே ஒரு வளையத்தின் நடுவில்
கொத்தனார் தூக்குக்குண்டு போல ஒன்று தொங்குகிறது.
எந்திரத்தை உலுக்கினால் அது வளையத்தைத் தொடும்.
தொட்டால் விளக்கெல்லாம் அணையும்,
ஆட்டம் செத்தது.

அழகர் இறங்கும் வாரம்.
பந்தோபஸ்து முடிந்து பதினொரு மணிக்கு வருவாள்
ஆயுதப்படைப் பவுன்தாய்.
பகலெல்லாம் ஆற்றங்கரையில் கயிறு பிடித்த கை.
லத்தியை அப்பளக்காரனிடம் கொடுத்துவிட்டு
பூட்ஸைத் தளர்த்திக்கொண்டு நிற்பாள்.
இடுப்பால் ஒரு சின்னத் தட்டு.
உள்ளே தூக்குக்குண்டு ஆடும்,
ஒரு முடி இடைவெளியில் வளையத்தைத் தொடாமல் திரும்பும்.
இருபது ரூபாய்க்கு நாற்பது நிமிடம்.

"லூர்து அக்கா, இவ ஒருத்தி இப்படி நின்னா
நான் இடத்து வாடகை எங்கிட்டுக் கட்ட?"

ஓரச் சந்தின் வாயில் ஒரு முளை.
அதற்கு மூன்று துளைகள்.
முதல் துளையில் நின்றால் சந்து குறுகலாக இருக்கும்.
இரண்டாவது நியாயமானது.
மூன்றாவதில் நட்டால்
குண்டு தன் வீட்டுக்குப் போகிறதுபோல் போய் விழும்.
காஜா விரலால் மூன்றாவதைக் காட்டினான்.
மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிரவு பவுன்தாய்க்கு மூன்று குண்டும்
ஆறு நிமிடத்தில் போயின.
குனிந்து, கண்ணாடி மேல் விரல் வைத்தாள்,
மிகச் சரியாக அந்த இடத்தில்.
"நேத்து இங்க வழி இல்லையே."
"தரை சரிஞ்சிருக்கும்மா" என்றேன்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தாள்.
லத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ராட்டினம் நின்றபிறகு கண்ணாடியைத் தூக்கினேன்.
முதல் துளையில் மரம் தேய்ந்து திருகாணி சுழன்றது.
மூன்று தீக்குச்சியைக் கோந்தில் தோய்த்து
உள்ளே இறக்கி, மிச்சத்தை ஒடித்தேன்.
காய ஒரு ராத்திரி வேண்டும்.
அதுவரை முளை இரண்டாவதில் நிற்கட்டும்.
காஜா கேட்டால் என்ன சொல்வது
என்று இன்னும் யோசிக்கவில்லை.

மெழுகு தேய்த்துத் துடைத்து
சோதனைக்கு ஒரு குண்டு விட்டேன்.
முளையில் மோதித் திரும்பியது, நல்ல துள்ளல்.
மணிகளைத் தட்டி, மேலே போய், யோசித்து,
இரண்டு றெக்கைக்கும் நட்டநடுவே
நேராக இறங்கிப் போனது.

அங்கே முளையும் இல்லை, துளையும் இல்லை.
இன்னொன்று விட்டேன்.